கிலோவுக்கு எவ்வளவு சம்பளம்?

ஆளைப் பார்க்காதே, வேலையைப் பார்த்துச் சம்பளம் கொடு என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நடப்பு வேறு. காசிமேட்டில் மீன் கூடை தூக்கவோ துறைமுகம் பக்கம் லாரியில் மூட்டை ஏற்றவோ போகிற பையன் ஒல்லியாக இருந்தால் "இவன் தாங்குவானா?" என்று ஒரு பார்வை. அவன் தங்கை எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் வேலை கேட்டுப் போனால், குண்டாக இருக்கிறாளா என்று இன்னொரு பார்வை. ஒரே வீடு, ஒரே சோறு. தராசு மட்டும் இரண்டு!

மூட்டைக்காவது ஒரு காரணம் சொல்லலாம். அனில் தேவலாலிகர் 1988-இல் தென்னிந்தியக் கிராமங்களை வைத்து எழுதிய ஆய்வில், உயரத்துக்கு ஏற்ற எடை கூடினால் கூலியும் கூடியது தெரிந்தது. (சோறில்லாமல் இளைத்தவனுக்குக் கூலி குறைவு. கூலி குறைந்தால் மறுபடி சோறில்லை. கூட்டு வட்டிக் கணக்கு மாதிரிதான்.)

துணிக்கடையில் என்ன காரணம்? புடவையைப் பிரித்துக் காட்ட இடுப்பளவு எதற்கு? ஜான் காலி 2004-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வெள்ளையினப் பெண்களுக்குச் சுமார் 30 கிலோ எடை கூடினால் சம்பளம் 9 சதவீதம் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட மூன்று வருட வேலை அனுபவத்தின் மதிப்பு அது!

அது அமெரிக்கா என்று தள்ள வேண்டாம். முதல் கர்ப்பத்தோடு வேலை போச்சு என்ற ஏர் இந்தியா விதியை 1981-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எடை விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. குண்டான பணிப்பெண்களைத் தரையிறக்கியது சரி என்று 2007-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-இல் சிலரை வேலையை விட்டே அனுப்பினார்கள். அப்போது அது அரசு நிறுவனம் வேறு! பயணிகளின் பாதுகாப்புதான் காரணம் என்றால், அவசரக் கதவைத் திறந்து ஆட்களை இறக்கத் தெரிகிறதா என்று சோதிக்கலாமே. எடை மெஷின் எதற்கு?

"உடம்பைக் குறைக்க வேண்டியதுதானே?" என்பார்கள். எங்கே நடந்து குறைப்பது? எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலா, மணலிப் புகையிலா? நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு இரவு வீடு திரும்புகிறவளிடம் ஜிம்முக்குப் போ என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். தைராய்டு இருந்தால் அதுவும் அவள் குற்றமா?

எடையைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று மிச்சிகன் மாநிலம் 1976-லேயே சட்டம் போட்டது. நியூயார்க் நகரம் 2023-இல் போட்டது. தமிழ்நாடு 2021-இல் கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. அதே சட்டத்தில், உடம்பைப் பார்த்து வேலையோ சம்பளமோ மறுக்காதே என்று இன்னொரு வரி சேர்க்க என்ன தடை?