ஓடச் சொல்றீங்க, எங்க ஓடுறது?

மழை கூடினா எழும்பி ஓடு. மலையகத் தோட்டங்களுக்கு இந்த நாடு இதுவரை தந்திருக்கிற காலநிலை மாற்ற இசைவாக்கம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் செயலமர்வு, பதாகை, மரநடுகை, பகல் சாப்பாட்டுப் பார்சல்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது. அறுநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று மலை மலையாகச் சரிந்தது. அதற்குப் பிறகு கெம்பஸ்ல நடந்த கலந்துரையாடல்களில் நான் அதிகம் கேட்ட சொல் “மீண்டெழும் ஆற்றல்”. மலையக மக்களிடம் அது நிறைய இருக்காம். இருநூறு வருஷமா எல்லாத்தையும் தாங்கினவங்களாம். மேடையில் இதைச் சொல்கிறவர்கள் பாராட்டுவதாகத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. அவங்க தாங்குவாங்க என்று சொல்லிவிட்டால், அவங்களை அந்தச் சரிவில் கொண்டுபோய் வைத்தது யார் என்று பேசாமல் தேத்தண்ணி குடிக்கப் போகலாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று படியாக இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அவதானமாக இருக்கவேண்டும். 100 தாண்டினால் ஆயத்தமாகவேண்டும். 150 தாண்டினால் வெளியேறவேண்டும். நான் ஆர்ட்ஸ் படிக்கிற ஆள், அந்தக் கணக்கில் குறை சொல்ல வரவில்லை. அந்தக் கணக்கு ஒரு லயத்துக்குள் போனால் என்ன ஆகிறது என்றுதான் கேட்கிறேன்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. முதல்ல, எச்சரிக்கை அங்கே தமிழில் போய்ச் சேரவேண்டும். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது, ஆனாலும் டிட்வா நேரம் தமிழில் அறிவித்தல் பிந்தியது, சிலது வரவே இல்லை என்று எத்தனை பேர் கத்தினார்கள். சரி, வந்தது என்றே வைப்போம். கொழுந்து பறிக்கிற அம்மா ஒருத்தி அன்றைக்கு மலைக்குப் போகாவிட்டால் அவளுக்குப் பேர் இல்லை. நேரத்தோடு இறங்கி வந்தால் அரைப் பேர். பேர் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்கு: ஒரு நாள் சம்பளம். மழை 75ஐத் தொட்டபோது ஒரு நாள், 100ஐத் தொட்டபோது ஒரு நாள், சரிவு வராமல் விட்டால் பிறகும் ஒரு நாள். மாசத்தில் நாலு பேர் குறைந்தால் கடைக் கணக்குக் கட்ட முடியாது. அவங்க ‘விழிப்புணர்வு’ இல்லாமல் வீட்டில் இருக்கவில்லை. கணக்குப் பார்த்துவிட்டுத்தான் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் போன வருஷத்துக்கு முந்தின மழைக்கு ஓர் உத்தியோகத்தர் வந்து லயத்தைக் காலி பண்ணச் சொன்னார். எங்க சின்னம்மா கேட்டாங்க:

“போறோம் சேர். எங்க போறது?”

“ஸ்கூலுக்குப் போங்க.”

“ஸ்கூல் இந்த மலைக்குக் கீழதானே சேர் இருக்கு?”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், அவர் கையிலும் ஒரு கடிதம்தான் இருந்தது.

மீரியபெத்தையை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில், விடிந்து கொஞ்ச நேரத்தில் மலை லயங்களின் மேல் இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை. எத்தனை பேர் புதைந்தார்கள் என்பதைக்கூட முதல் நாட்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு எண்ணிக்கை இறங்கியது. ஓர் ஊரில் யார் யார் இருந்தார்கள் என்றே ஒழுங்கான பதிவு இல்லை! அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரித்திருந்தார்கள் என்பது பிறகு வெளியில் வந்தது. ஒன்பது வருஷம் ‘முன்’னெச்சரிக்கை. தப்பினவர்கள் புது வீடு வரும்வரைக்கும் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இரண்டு வருஷம் அளவில் கிடந்தார்கள். 2023 மார்ச்சில் அதே பூனாகலைப் பக்கம் கபரகலையில் மறுபடி மண் சரிந்து லயங்கள் போயின. ஆக, தகவல் இல்லாததா பிரச்சினை?

காணி இல்லாததுதான் பிரச்சினை. என் வாதம் இந்த ஒன்றுதான், மற்றதையெல்லாம் நீங்கள் மறுத்தாலும் பரவாயில்லை.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வெள்ளத்தில் வீடு உடைந்தால், அந்த வளவு உங்களுடையது. உயர்த்திக் கட்டலாம், அத்திவாரத்தை மாற்றலாம், கடன் எடுக்கலாம், விற்றுவிட்டுப் போகலாம். இசைவாக்கம் என்று புத்தகத்தில் சொல்வது இதைத்தானே, ஆபத்தைப் பார்த்து உன் வாழ்க்கையை மாற்றி அமைத்துக்கொள் என்பது. லயத்தில் இருக்கிறவங்க எதை மாற்றுவாங்க? சுவருக்குப் பின்னால் கான் வெட்டுவதற்கும் தோட்டத்தில் கேட்கவேண்டும். ஒரு அறை கூட்டிப் போட்டால் ‘அனுமதி இல்லாத கட்டடம்’. வங்கியில் வைக்க உறுதி இல்லை. வீட்டு இலக்கம் இல்லாமல், கடிதம் தோட்ட ஒபீஸ் வழியா வருகிற சனம் நாங்க. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபையின் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடை இருந்தது, அந்தப் பிரிவைத் திருத்தவே 2018 ஆனது. முப்பது வருஷம் ரோட்டையும் வடிகாலையும் தொட ஆள் இல்லாத மலையில் மழை கூடினால் என்ன நடக்கும் என்று சொல்லக் காலநிலை விஞ்ஞானி தேவையில்லை.

‘காணி கம்பெனியுடையது, என்ன செய்வது’ என்பார்கள். இல்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தோடு பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் கம்பெனிகளுக்குப் போனது நிர்வாகம், பிறகு நீண்ட குத்தகை. சொந்தக்காரர் இன்றைக்கும் அரசுதான். குத்தகைக்குக் கொடுத்த வளவிலிருந்து ஒரு மூலையைத் திருப்பி எடுக்க முடியாத சொந்தக்காரரை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

அடுத்தது ‘தேயிலை டொலர் கொண்டுவருது, நிலத்தைத் துண்டு போட்டா ஏற்றுமதி என்ன ஆகும்’ என்ற கவலை. கணக்கைப் போடுவோம். ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். குடும்பத்துக்குப் பத்து பேர்ச்சஸ் கொடுத்தால் ஏக்கருக்குப் பதினாறு குடும்பம். ஒரு லட்சம் குடும்பத்துக்கும் கொடுத்தாலும் 6,250 ஏக்கர், ஏறத்தாழ 2,500 ஹெக்டேயர். இலங்கையில் தேயிலை நிற்கிற நிலம் இரண்டு லட்சம் ஹெக்டேயர் அளவில். நூற்றுக்கு ஒன்றரைகூட வராது. ரோட்டுக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதே அளவு இன்னொரு பங்கு சேருங்கள், மூன்றைத் தாண்டாது. காடு மண்டிக் கிடக்கிற தேயிலையை நான் இந்தக் கணக்கில் தொடவே இல்லை.

இலங்கையின் காலநிலை இசைவாக்கத்துக்கான தேசியத் திட்டம் 2016இல் தொடங்கி 2025 வரைக்குமானது. டிட்வா வந்த வருஷம்தான் அந்தத் திட்டத்தின் கடைசி வருஷம். அதில் ஏற்றுமதி விவசாயம் என்று ஒரு துறை இருக்கிறது. தேயிலைச் செடியை வெயிலிலிருந்தும் வரட்சியிலிருந்தும் காப்பாற்ற வேண்டுமாம். நல்லது, செடி வாழட்டும். அதைப் பறிக்கிறவங்க ‘மனிதக் குடியிருப்புகள்’ என்ற பொதுத் தலைப்புக்குள் கொழும்புக்காரர்களோடு சேர்த்து அடங்கிவிட்டார்கள். செடிக்குக் கிடைத்த தனித் துறை அவங்களுக்குக் கிடைக்கவில்லை.

புயலுக்குப் பிறகு முழுசா உடைந்த வீட்டுக்கு ஐம்பது லட்சம் ரூபா என்று அரசு அறிவித்தது. இலங்கை வரலாற்றில் இது சின்னத் தொகை இல்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் வீடு யாருடையது என்ற கேள்வி லயத்தில்தான் வரும். உடைந்த சுவர் தோட்டத்துடையது, சட்டி பானை எங்களுடையது. அந்தக் காசு எதன்மேல் வீடாக எழும்பும்?

இன்னொரு பேச்சும் எழுந்தது, இந்தத் தளத்தை வாசிக்கிற வடக்கு நண்பர்கள் கோபிக்கக் கூடாது. “மலையில் ஆபத்து என்றால் எங்கட பக்கம் வாங்கோ, காணி இருக்கு.” சொன்னவர்களின் மனசை நான் சந்தேகப்படவில்லை. வரவிரும்புகிறவர் வரட்டும், அது அவரவர் உரிமை. ஆனால் 1977 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள்தானே வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டினார்கள்? அவர்களில் எத்தனை குடும்பம் இன்றைக்கும் உறுதி இல்லாத காணியில் இருக்கிறது, அவர்களின் பேரப்பிள்ளைகளை ஊருக்குள் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டு அழைப்பு விடுங்கள். அது போக, இருநூறு வருஷம் உழைத்த மலையிலிருந்து சனத்தை எடுத்துவிட்டுத் தேயிலையை மட்டும் விட்டுவைக்கிற ‘தீர்வு’ கம்பெனிக்கு எவ்வளவு வசதி என்பதையும் யோசியுங்கள்.

கெம்பஸ் சங்கங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நிவாரண லொறி வேண்டாம் என்று சொல்லவில்லை, பசிக்கிற நேரம் அரிசி வேண்டும். ஆனால் டீசேர்ட் அடிக்கிற நேரத்தில் இதையும் செய்யலாம். ஆபத்து வலயங்களைக் காட்டுகிற மண்சரிவு வரைபடங்கள் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கின்றன. தோட்டங்களின் குத்தகை எல்லைகள் அரசிடம் இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் ஒரு விண்ணப்பம் போடுங்கள்: இந்தப் பிரிவில் வெளியேறவேண்டிய லயங்கள் எவை, அவற்றுக்குப் பக்கத்தில் சரிவு குறைந்த அரச காணி எங்கே, அது யாருடைய குத்தகையில் எந்த வருஷம்வரை இருக்கிறது. புவியியல் படிக்கிறவங்க இரண்டு வரைபடத்தையும் ஒன்றுக்குமேல் ஒன்று வைத்துப் பார்க்கட்டும். வரும் பதிலைத் தமிழில் எழுதி, லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுப்போம். பதில் வராவிட்டால் மேன்முறையீடு செய்ய ஆணைக்குழு இருக்கிறது. மே மாசம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அதற்கு முதல் விண்ணப்பங்களாவது போயிருக்க வேண்டும்.