சவலையைத் துரத்தியவர்கள்

தமிழில் வைத்தியச் சொல் கிடையாது என்று படித்தவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கிடையாமல் என்ன? இவர்கள் தேடுவதில்லை.

'மராஸ்மஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். ஊட்டம் போதாமல் குழந்தை எலும்பும் தோலுமாக வற்றிப்போவதற்குப் பெயர். கிரேக்கத்தில் வாடுதல் என்று பொருள், அவ்வளவுதான். ஏன் வாடிற்று என்று அந்தச் சொல் வாயைத் திறக்காது.

நம்மிடம் 'சவலை' இருக்கிறது. அடுத்தது வயிற்றில் வந்துவிட்டதால் மார்பிலிருந்து விலக்கப்பட்டு, பால் போதாமல் மெலிந்ததே சவலைப் பிள்ளை. காரணம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கும் வெண்பாவுக்குக்கூடச் சவலை வெண்பா என்றுதான் பேர். புலவர்களுக்கும் அந்தப் பிள்ளை நினைவிலிருந்திருக்கிறது!

1935-இல் சிஸிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மாள், இன்று கானா எனப்படும் நாட்டில் கா மொழித் தாய்மார் சொன்ன 'குவாஷியார்க்கர்' என்ற சொல்லை லான்ஸெட் பத்திரிகையில் அச்சேற்றினார். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்தினதற்கு வரும் நோய் என்று பொருள். சவலையின் உடன்பிறப்பேதான். அந்தச் சொல் உலக வைத்திய நூல்களில் ஏறிவிட்டது. அந்நோயைக் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன். (சூளகிரியும் அப்போது சேலம் ஜில்லாதான்.) இருந்தும் நம் பாடப்புத்தகங்கள் கிரேக்கத்தையும் கா மொழியையும் மனப்பாடம் செய்கின்றன, சவலை வாசலில் நிற்கிறது.

"கிராமத்துச் சொல், துல்லியம் போதாது, வற்றுவது வேறு, வீங்குவது வேறு" என்பார்கள். வற்றிய சவலை, வீங்கிய சவலை என்று சொல்லுங்களேன்! வயிற்றுப்போக்கிலும் காசத்திலும் இளைத்த பிள்ளையைச் சவலை என்க வேண்டாம். அதற்கு வேறு பேர் வையுங்கள்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் சூளகிரியில், கைக்குழந்தையோடு வந்த ஒருத்தியிடம் அவள் மூத்த பிள்ளைக்கு மராஸ்மஸ் என்று ஒரு டாக்டர் சொல்லி அனுப்பினார். இடுப்பிலிருந்த கைக்குழந்தையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. "அது ஒட்டிக்குமா, சார்?" என்று அவள் என்னைக் கேட்டாள். மூத்ததை மற்றப் பிள்ளைகளோடு விளையாட விடாமல் வைத்திருந்தாளாம். பால் நின்றதால் வந்த இளைப்பு, ஒட்டாது, முட்டையும் பருப்பும் கொடு, டாக்டரிடமும் திரும்பக் காட்டு என்றேன். தலையாட்டினாள். அதற்குள் மந்திரிக்கிறவர் ஒருவர் தேரை விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டிருந்தார். அது அவளுக்குப் புரிந்தது. பிள்ளையின் அரையில் கயிறும் ஏறியிருந்தது.