பெட்டி இருக்கு, பதில்?

மகளின் ஆய்வுப் படிப்புக்காக, சோழபுரத்திலிருந்து பஸ் ஏறி ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயிருந்தோம். புத்தகம் எங்கே என்று கேட்டால், "அங்கதான் இருக்கும், தேடிப் பாரும்மா" என்றார்கள். அரைநாள் போச்சு. கருத்துப் பெட்டியின் பூட்டோ துருப்பிடித்துக் கிடந்தது!

1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன். அவர் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதுதான்.

குழம்பில் உப்பு கூடிப்போச்சுன்னு யாராவது சொன்னால்தானே மறுநாள் குறைச்சுப் போடுகிறோம்? மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, கேள்வியையும் பதிலையும் பலகையில் ஒட்டினாலே போதும். நாமும் முணுமுணுத்துக்கொண்டே திரும்பாமல், நாலு வரி எழுதிப் போடணும். நான் போட்டுவிட்டுத்தான் வந்தேன், தோழிகளே!

— ஓர் இல்லத்தரசி, சோழபுரம்.