மாடிப்படிக்கு அடியில ஒரு தாத்தா!

போன வாரம் அரியர் புலம்பல். இந்த வாரம் இன்டர்ன்ஷிப் புலம்பல்.

துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனி. பேரு வேணாம், சர்டிஃபிகேட் இன்னும் கைக்கு வரலை. ஸ்ரீரங்கத்துல பஸ் ஏறி, சத்திரத்துல மாறி, தினமும் கம்பியில தொங்கிக்கிட்டே பயணம். ஐ.டி. கார்டுல 'நெட்வொர்க் இன்டர்ன்'னு கெத்தா போட்டிருக்கும். பார்த்த வேலை? பிரின்டருக்கு டோனர் மாத்தினது.

நாலாவது நாள் சிஸ்டம் அட்மின் அண்ணன் ஒரு நோட்டைக் கையில கொடுத்தார். "தம்பி, இந்த பில்டிங்ல ஒயர் சொருகியிருக்கிற அத்தனை கம்ப்யூட்டரையும் எழுதிட்டு வா."

அவர்கிட்ட இருந்த லிஸ்ட்ல சர்வர் ரெண்டு. நான் எழுதிட்டு வந்தது நாலு. மூணாவது, ஒரு பழைய ஸ்டோர் ரூம்ல யாருக்கும் பயன்படாம சும்மா ஓடிக்கிட்டிருந்தது. அதை அன்னிக்கே அணைச்சோம். ஒருத்தரும் தேடலை. நாலாவதுதான் நம்ம ஹீரோ. மாடிப்படிக்கு அடியில, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவுல, தலைமேல ரெண்டு இன்ச் தூசியோட ஒரு தாத்தா. மானிட்டரை சொருகிப் பார்த்தா... விண்டோஸ் சர்வர் 2003!

மைக்ரோசாஃப்ட் இவரைக் கைகழுவினது 2015 ஜூலை 14-ம் தேதி. அதுக்கப்புறம் இவர் உடம்புல யாராவது ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சா, அடைக்க ஆள் கிடையாது. ஆனா ஓட்டை எங்கே இருக்குன்னு ஊருக்கே தெரியும்.

"தூக்கிப் போட்டுட வேண்டியதுதானேண்ணே?"ன்னு பெரிய மேதாவியா கேட்டேன். அண்ணன் சிரிச்சார். இரும்புத் தகட்டுல எந்த பீஸை எப்படி அடுக்கி வெட்டினா வேஸ்ட் குறையும்னு கணக்குப் போடற சாஃப்ட்வேர் அந்த ஒரு மெஷின்லதான் ஓடுது. அதுக்கு ஒரு டாங்கிள், அதுவும் பழைய பிரின்டர் போர்ட்டுல சொருகறது. சாஃப்ட்வேர் வித்த கம்பெனியே இப்போ இல்லை. புதுசு வாங்க வந்த கொட்டேஷனைப் பார்த்துட்டு முதலாளி ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலையாம். அக்கவுன்ட்ஸ் அக்கா வேற, "ஓடற வரைக்கும் ஓடட்டும் தம்பி, நோண்டாதே"ன்னாங்க. அவங்க பயம் அவங்களுக்கு. சம்பளக் கணக்கு ஃபைல்களும் அதே தாத்தா மடியிலதான் இருந்தது.

நாங்க எல்லாரும் தாத்தா செத்துப்போயிடுவாரேன்னுதான் கவலைப்பட்டோம். நிஜமான மேட்டர் அது இல்லை. தாத்தாவுக்கு எஸ்.எம்.பி. ஒண்ணுங்கிற பழங்கால பாஷையிலதான் ஃபைல் கொடுக்க வாங்கத் தெரியும். புது விண்டோஸ் 10 எல்லாம் 2017 கடைசியிலேர்ந்தே அந்த பாஷையைத் தானா பேசறதில்லை. அதனால இவருக்காக யாரோ ஒரு புண்ணியவான் ஆபீஸ்ல இருந்த எல்லா கம்ப்யூட்டர்லயும் அதைத் தேடிப்பிடிச்சு ஆன் பண்ணி வச்சிருக்கார். ஒருத்தருக்காக வீடு முழுக்க தாழ்ப்பாளைக் கழட்டின கதை!

அந்த பாஷையில இருந்த ஒரு ஓட்டை வழியாத்தான் 2017 மே 12-ல 'வான்னாக்ரை' உலகத்தையே சுத்தி வந்தது. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள்ல ஆபரேஷன்களையே தள்ளி வச்சாங்க. நம்ம பக்கத்துல திருப்பதி தேவஸ்தானத்தோட ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் சிலதும் மாட்டிச்சு. பெருமாளுக்கே அந்த நிலைமைன்னா துவாக்குடிக்கு என்ன கேரன்டி? இதுல கொடுமை, அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லயே பேட்ச் விட்டாச்சு. மாட்டினதுல பெரும்பாலானது சப்போர்ட் இருந்த விண்டோஸ் 7-தான். பேட்ச் போட சோம்பல்! கைவிடப்பட்ட எக்ஸ்.பி.க்கும் சர்வர் 2003-க்கும், அடி விழுந்த பிறகு, மனசு இரங்கி ஒரு ஸ்பெஷல் பேட்ச் விட்டாங்க. ஒவ்வொரு தடவையும் மனசு இரங்குமா?

இன்னொண்ணு. 2022 நவம்பர் 23-ல டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியை ரான்சம்வேர் அடிச்சது. பாதிக்கப்பட்ட சர்வர் அஞ்சே அஞ்சுதான்னு அரசாங்கம் பார்லிமென்ட்ல சொன்னது. ஆனா சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டது. ஓ.பி. சீட்டை நாள்கணக்கில் கையால எழுதினாங்க. அரசாங்கம் சொன்ன காரணம், நெட்வொர்க்கை ஒழுங்கா தனித்தனியா பிரிக்கலைங்கிறதுதான்.

இதைப் படிச்சப்போ எனக்கு சட்டுனு எங்க ஊர் கோயில்தான் ஞாபகம் வந்தது. ஏழு மதில். 236 அடி ராஜகோபுரத்தைத் தாண்டிட்டா நேரா சன்னதியா? இல்லை. சித்திரை வீதி, உத்திரை வீதின்னு மனுஷங்க குடியிருக்கிற தெருவே மதிலுக்குள்ள இருக்கு. ஒவ்வொரு வாசலாத்தான் போகணும். எங்க கம்பெனி நெட்வொர்க் எப்படி இருந்துச்சு தெரியுமா? பொட்டல் மைதானம். ரிசப்ஷன்ல கெஸ்ட் வைஃபை வாங்கினவன் நேரா தாத்தா மடியில போய் உட்காரலாம்.

அண்ணன்கிட்ட வரைஞ்சு காட்டினேன். "சனிக்கிழமை வாடா, செய்வோம்"னார்.

தாத்தாவைத் தனி வி-லேன்ல போட்டோம். இன்டர்நெட் கட். அவருக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல, கழிச்சுப்போட்ட ஒரு டெஸ்க்டாப்புக்கு லினக்ஸ் ஏத்தி துபாஷி மாதிரி நிக்க வச்சோம். அது மட்டும் தாத்தாகிட்ட பழைய பாஷை பேசும். ஆபீஸ்காரங்களுக்குப் புது பாஷையில ஃபைலைக் கொடுக்கும். (எக்ஸ்.பி.க்கு 2014-ல சப்போர்ட் முடிஞ்சப்போ தமிழக அரசு, சி-டாக்கோட 'பாஸ்' லினக்ஸுக்கு மாறச் சொன்னது. எங்க அக்காவோட அரசு லேப்டாப்பிலயும் 'பாஸ்' இருந்தது. நாங்க அதைத் திறந்ததே இல்லை. மன்னிச்சுடு பாஸ்!) அப்புறம் எல்லா கம்ப்யூட்டர்லயும் எஸ்.எம்.பி. ஒண்ணை ஆஃப் பண்ணோம். நாலு சர்வருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு இருந்தது. மாத்தினோம். அது என்னன்னு கேட்காதீங்க, முதலாளி பொண்ணு பேரு.

சம்பள ஃபைல்களைப் புது சர்வருக்கு மாத்தறதுக்கு முன்னாடி பேக்கப் இருக்கான்னு அண்ணன் கேட்டார். அக்கவுன்ட்ஸ் அக்கா, "யு.எஸ்.பி. டிஸ்க் எப்பவும் சொருகியேதான் இருக்கு"ன்னாங்க. அதுதான் பிரச்னையே. வைரஸ் வந்தா சொருகியிருக்கிறதையும் சேர்த்துத்தான் பூட்டும். சரி, திறந்து பார்த்தோம். கடைசி ஃபைலுக்கு எட்டு மாசம் வயசு. டிஸ்க் நிரம்பி, பேக்கப் எப்பவோ நின்னுபோச்சு. யாரும் பார்க்கலை. அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாங்க. அந்தக் கம்பெனியில வெல்டருங்க, ஹெல்பருங்கன்னு நூறு பேருக்கு மேல. அத்தனை பேரோட ஓவர்டைம் கணக்கும் எட்டு மாசமா ஒரே ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை நம்பி இருந்திருக்கு. சாயங்காலம் வரைக்கும் காப்பி எடுத்தோம். அக்கா பக்கத்துலயே நின்னு, ஒவ்வொரு மாசமா திறந்து பார்த்துட்டுத்தான் கிளம்பினாங்க.

திங்கட்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ஃபோன். எடைமேடை கம்ப்யூட்டர் வேலை செய்யலை, கேட்ல லாரி வரிசை! அதுவும் தாத்தாகிட்டதான் பேசிக்கிட்டிருந்ததாம். என் நோட்டுல அது இல்லவே இல்லை. கேட் வரைக்கும் நான் நடக்கலையே, வெயில்! அண்ணன் திட்டினதை இங்கே அச்சுல போட முடியாது. துபாஷிகிட்ட திருப்பி விட்டு சரிபண்ண முக்கால் மணி நேரம் ஆச்சு.

புது சாஃப்ட்வேருக்கு முதலாளி அடுத்த வருஷ பட்ஜெட்ல பணம் ஒதுக்கறேன்னு சொல்லியிருக்கார். கடைசி நாள் அண்ணன் ஒரு மாஸ்கிங் டேப்பைக் கிழிச்சு, அந்தத் தேதியை மார்க்கர்ல எழுதி, தாத்தா நெத்தியில ஒட்டினார். கீழேயே சின்னதா, 'எடைமேடையை மறக்காதே'ன்னும் எழுதினார். என்னைப் பார்த்துக்கிட்டேதான்.