ஒன்பதாம் மாடிக்கு மணி இல்லை!

மணி ஒலிக்கவில்லை!

ஹாங்காங் நகரின் தாய்போ பகுதியிலே, முப்பது மாடிக்கு மேல் உயர்ந்து நின்ற எட்டுக் கட்டடங்கள். வாங் ஃபுக் கோர்ட் என்பது அந்தக் குடியிருப்பின் பெயர். மூங்கில் சாரம் கட்டி, வலை போர்த்தி, புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. 2025 நவம்பர் 26ஆம் நாள் பிற்பகல் பற்றியது தீ. ஒன்றிலே பற்றியது; மேலும் ஆறு கட்டடங்களுக்குப் பரவியது. 150க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓய்வு பெற்ற முதியவர்கள் மாண்டனர். இந்தோனேசியாவிலிருந்து வயிற்றுப்பாட்டுக்காக வந்த பணிப்பெண்கள் மாண்டனர். தீயை அணைக்கச் சென்ற வீரரும் மாண்டார்.

வலை தரக்குறைவானதா, ஜன்னலை அடைத்த நுரைப்பலகை நெருப்புக்குத் தீனியானதா, இவை பற்றியெல்லாம் விசாரணை எழுந்தது. எழட்டும்; குற்றவாளி தப்பக்கூடாது. ஆனால் நம் நெஞ்சை அறுப்பது வேறொரு செய்தி. எட்டுக் கட்டடங்களிலும் தீ அபாய மணிகள் முறையாக வேலை செய்யவில்லை என்று அந்நகரின் தீயணைப்புத் துறையே அறிவித்ததே, அந்தச் செய்தி! மணி இருந்தது, ஒலி இல்லை. கருவி இருந்தது, காவல் இல்லை. கதவைத் தட்டித் தட்டி அண்டை வீட்டாரே எழுப்பினார்கள். தட்ட ஆளில்லாத வீட்டிலே இருந்தவர் நிலை? எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது.

இது ஹாங்காங் சேதி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா, தோழர்களே? மாடிமேல் மாடி கட்டாத ஊர் இன்று எது? அந்த மாடிகளிலே தைப்பவர் யார், பெருக்குபவர் யார், இரவுக் காவல் காப்பவர் யார்? நம்மவர்தானே! ஆகவே அந்த மணி என்பது என்ன, அது எப்படி வேலை செய்கிறது, எப்படி ஊமையாக்கப்படுகிறது என்பதைப் பொறியாளர் மட்டும் அறிந்தால் போதாது. ஆலைத் தொழிலாளியும் அறிந்தாக வேண்டும்.

முதலில் ஒரு பழைய கதை. கதையல்ல, வரலாறு.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க் நகரம். பத்து மாடிக் கட்டடமொன்றின் எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளிலே ட்ரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலை. வேலை முடிந்து வீடு திரும்பும் வேளை. எட்டாம் மாடியிலே தீப்பிடித்தது. எட்டாம் மாடியிலிருந்து தொலைபேசியிலே சேதி பறந்தது. எங்கே? பத்தாம் மாடிக்கு! பத்தாம் மாடியிலே இருந்தவை அலுவலகங்கள்; அங்கே இருந்தார்கள் முதலாளிகள் இருவர். கூரைமீது ஏறினார்கள், அடுத்த கட்டடத்துக்குத் தாவினார்கள், தப்பினார்கள். ஒன்பதாம் மாடியிலே இருந்தவை தையல் இயந்திரங்கள். அங்கே இருந்தார்கள் தொழிலாளப் பெண்கள். ஒன்பதாம் மாடிக்குச் சேதி போகவில்லை, மணியும் இல்லை. தீயே வந்துதான் தீ வந்த சேதியைச் சொல்லிற்று! ஓடினார்கள் படிக்கட்டுக்கு, கதவு பூட்டிக் கிடந்தது. துணி திருடிவிடுவார்களாம், அதனால் பூட்டாம்! ஏணி கொண்டுவந்தது தீயணைப்புப் படை; ஆறாம் மாடிக்கு மேல் அது எட்டவில்லை. அரைமணி நேரத்துக்குள் 146 பேர் மடிந்தனர். அவர்களிலே 123 பேர் பெண்கள். அதே ஆண்டு டிசம்பரில் முதலாளிகள் இருவரும் நிரபராதிகள் என்று நீதிமன்றம் விடுவித்தது.

பத்தாம் மாடிக்குச் சேதி உண்டு, ஒன்பதாம் மாடிக்கு இல்லை! இந்தக் கொடுமையை மனத்திலே வைத்துக்கொண்டு இன்றைய கருவியைப் பார்ப்போம்.

பழைய முறை எப்படி? ஒரு மாடி முழுவதற்கும் ஒரு ஜோடிக் கம்பி. அந்தக் கம்பியிலே இருபது டிடெக்டர்கள். அவற்றில் எது புகையை உணர்ந்தாலும் கீழே காவலறையிலுள்ள பலகையிலே ஒரு விளக்கு எரியும்: ‘நான்காவது பகுதியில் தீ’. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நான்காவது பகுதியில் எந்த அறை? சரக்கறையா, சமையலறையா, மின்சார அறையா? அது சொல்லாது. காவலாளி ஓடவேண்டும், ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கவேண்டும். தெரு பெயர் மட்டும் எழுதி, வீட்டு எண் எழுதாமல் போட்ட கடிதத்தைச் சுமந்து தபால்காரர் அலைவதுபோல!

புதிய முறை அப்படியல்ல. ‘அட்ரசபிள்’ என்கிறார்கள் பொறியாளர்கள். முகவரி முறை என்போம் நாம். ஒவ்வொரு டிடெக்டருக்கும், கண்ணாடியை உடைத்து அழுத்தும் ஒவ்வொரு சிவப்புப் பெட்டிக்கும், ஒவ்வொரு ஹூட்டருக்கும் தனித்தனி எண். நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளை ஒரே ஜோடிக் கம்பியிலே கோக்கலாம். அந்தக் கம்பி பலகையிலே புறப்பட்டு, கட்டடத்தைச் சுற்றி, மீண்டும் பலகைக்கே வந்து சேரும். அதனால்தான் ‘லூப்’ என்று பெயர். மின்சாரமும் அதே கம்பியிலே. பேச்சும் அதே கம்பியிலே.

என்ன பேச்சு? ஆலையிலே காலையில் ஆஜர் எடுப்பதில்லையா, அந்தப் பேச்சு! பலகை கூப்பிடும்: “ஒன்று?” ஒன்றாம் எண் கருவி பதில் தரும். “இரண்டு?” இரண்டாவது பதில் தரும். இப்படி வரிசையாக எல்லாரையும் கூப்பிட்டு முடித்து, மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்கு ஆவது ஒரு சில விநாடிகளே. ஓய்வில்லை, உறக்கமில்லை, தீபாவளி பொங்கல் விடுமுறை இல்லை. ஒரு கருவி பதில் சொல்லவில்லையென்றால், யாரோ கழற்றிவிட்டார்கள் அல்லது பழுதாகிவிட்டது என்று பலகை உடனே மஞ்சள் விளக்கு எரித்து முறையிடும்.

பதில் எப்படிப்பட்டது? வெறும் ‘ஆம்’, ‘இல்லை’ அல்ல, ஓர் அளவு. புகை உணரும் கருவிக்குள்ளே இருட்டறை ஒன்று. அதிலே கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சும் சிறு விளக்கு ஒரு பக்கம். ஒளியை உணரும் கண் இன்னொரு பக்கம். நேருக்கு நேர் அல்ல, கோணத்திலே. காற்று தூய்மையாக இருந்தால் ஒளி அந்தக் கண்ணிலே படாது. புகை நுழைந்தால் துகளிலே மோதி ஒளி சிதறும். சிதறியது கண்ணிலே படும். எவ்வளவு பட்டது என்பதே கருவி தரும் எண். பலராலும் பயன்படுத்தப்படும் ஒரு வகைக் கருவியிலே தூய காற்றுக்கு 25. எண் 45ஐத் தொட்டால் முன்னெச்சரிக்கை. 55ஐத் தொட்டால் தீ! மாதக்கணக்கிலே தூசு படிந்து எண் மெல்ல மெல்ல ஏறினால், ‘இது புகையல்ல, தூசு, என்னைத் துடையுங்கள்’ என்று பலகை கேட்கவும் வழி செய்திருக்கிறார்கள். வெப்பத்தை உணரும் கருவியும் உண்டு; சமையலறைக்கு அதுவே ஏற்றது.

கம்பி அறுந்தால்? வளையமல்லவா! வலப்பக்கம் போக முடியாவிட்டால் இடப்பக்கமாகச் சென்று பலகை பேசும். கம்பிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆனால்? இடையிடையே ‘ஐசொலேட்டர்’ என்ற வாயிற்காவலர்கள் உண்டு. பழுதான துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் காப்பாற்றுவார்கள். மெயின் கரண்ட் போனால்? பேட்டரி உண்டு. 24 மணி நேரம் விழித்திருந்து, அதன் பின்னும் மணியடிக்க வலு இருக்கவேண்டும் என்பது பல நாட்டு விதி.

தீயென்று தெளிந்ததும் பலகை என்ன செய்கிறது? ‘ஏழாம் மாடி, கிழக்குப்புறம், சரக்கறை’ என்று எழுத்திலே காட்டுகிறது. ஹூட்டர்களை முழங்க வைக்கிறது. லிப்டைக் கீழ்த்தளத்துக்கு இறக்குகிறது. புகையைப் பரப்பாதபடி குளிர்காற்று இயந்திரத்தை நிறுத்துகிறது. மின்சாரப் பூட்டுப் போட்ட கதவைத் திறந்துவிடுகிறது. 1911இல் பூட்டிக் கிடந்ததே ஒரு கதவு, அந்தக் கதவை!

இது ஏதோ நேற்று முளைத்த மாயமல்ல. 1852ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே, சானிங் என்ற மருத்துவரும் பார்மர் என்ற பொறியாளரும் தெருத்தெருவாகத் தந்திப் பெட்டிகள் வைத்தனர். பெட்டிக்குப் பெட்டி ஓர் எண். கைப்பிடியைச் சுழற்றினால் பெட்டியின் எண் தந்தியிலே தலைமை நிலையத்துக்குப் போகும். எந்தத் தெருவிலே தீ என்று தெரிந்துவிடும். இடத்தைச் சொல்லாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான் என்று அன்றே கண்டார்கள்.

அறிவு இவ்வளவு வளர்ந்தும் ஏன் சாவு? இங்கேதான் நாம் கருவியை விட்டு மனிதனிடம் வரவேண்டியிருக்கிறது.

2012 நவம்பர் 24. வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை. தரைத்தளத்திலே, நூலும் துணியும் குவித்த இடத்திலே தீ. மணி ஒலித்தது! ஆம், அங்கே மணி ஒலித்தது. எழுந்தார்கள் தொழிலாளர்கள். “ஒன்றுமில்லை, போய் வேலையைப் பாருங்கள்” என்றார்கள் மேலாளர்கள். உட்கார்ந்தார்கள். நூற்றுப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள்.

தவறான மணி என்ற எண்ணம் எப்படி வேர்விடுகிறது? தூசுக்கு ஒருமுறை, கொசுவர்த்திப் புகைக்கு ஒருமுறை, காரணமே தெரியாமல் ஒருமுறை என்று மணி அடித்து அடித்து, ‘புலி வருது’ கதையாகிவிடுகிறது. பிறகு மணியை நம்புவாரில்லை. நம்பாத மணியை நிறுத்திவைக்கிறார்கள். நிறுத்திவைத்த மணி, தீ வந்த நாளிலே ஊமையாகிறது. முகவரி முறை இந்த நோய்க்கு நல்ல மருந்து. எந்தக் கருவி தொல்லை தருகிறது என்று எண்ணோடு சொல்கிறது. அந்த ஒன்றைச் சரிசெய்தால் போதும், ஊர் முழுதும் ஊமையாக வேண்டியதில்லை.

ஆனால் மருந்தையும் நஞ்சாக்க முடியும். பலகையிலே ஒரு கருவியையோ ஒரு பகுதியையோ சிறிது நேரம் விலக்கிவைக்க வழி உண்டு. வெல்டிங் வேலை நடக்கும்போது அது தேவைதான். வேலை முடிந்தபின் மீண்டும் சேர்க்க மறந்தால்? மறந்ததுபோல் இருந்துவிட்டால்? ஒன்று மட்டும் ஆறுதல். இந்தப் பலகை பொய் சொல்லாது. எந்த நாள், எந்த நேரம், எந்த எண் விலக்கப்பட்டது, எப்போது பழுது காட்டியது, எப்போது மணி நிறுத்தப்பட்டது என்று தன் நினைவிலே குறித்துவைக்கிறது. மேலாளர் மறுக்கலாம், மேஸ்திரி மழுப்பலாம். பலகை சாட்சி சொல்லும்.

செலவாகுமே என்பார்கள். ஆகும்தான், மறுக்கவில்லை. பழைய முறைக் கருவியைவிட இதன் விலை கூடுதல். சிறு பட்டறைக்குப் பழைய முறையே போதும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பல மாடி, பல நூறு பேர் என்ற இடத்திலே, கதவு கதவாகத் தேடும் ஒவ்வொரு நிமிடத்தின் விலை என்ன? அந்த விலையை உயிராகக் கொடுப்பது முதலாளியா, தொழிலாளியா? கணக்கை முழுதாகப் போடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

விதி இல்லையா நம் நாட்டிலே? இருக்கிறது. 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித் தொகுப்பின் நான்காம் பகுதி தீயிலிருந்து உயிரைக் காப்பதற்கே எழுதப்பட்டது. தீயறியும் கருவிகளை எப்படித் தேர்வது, எங்கே பொருத்துவது, எப்படிப் பேணுவது என்று ஐ.எஸ். 2189 என்ற தரவிதி கூறுகிறது. ஏட்டிலே உள்ளது கூரையிலே உள்ளதா என்று பார்ப்பது யார்?

பார்க்கலாம் நாமே! நாளைக் காலை வேலைக்குச் செல்லும்போது தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். டிடெக்டர் மீது கட்டட வேலையின்போது போட்ட பிளாஸ்டிக் மூடி இன்னும் இருக்கிறதா? இருந்தால் அது கண் கட்டப்பட்ட காவலன். பலகையைப் பாருங்கள். பச்சை எரிந்தால் மின்சாரம் உண்டு. மஞ்சள் எரிந்தால் பழுது அல்லது விலக்கம். ‘எந்த எண், எத்தனை நாளாக, ஏன்?’ என்று கேளுங்கள். சுவரை இடித்து அறையை மாற்றினார்களே, பலகையிலே அறையின் பெயரையும் மாற்றினார்களா? எண் சரியாக இருந்து பெயர் தவறாக இருந்தால், தீயணைப்பு வீரர் தவறான அறைக்கு ஓடுவார். கடைசியாகச் சோதித்த நாள் எது? கேளுங்கள். தனியாகக் கேட்டால் முறைப்பார்கள், சங்கமாகக் கேளுங்கள்.

தொழிலாளர் கேட்டதால் ஆனது உண்டு. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டபின், உலகத் தொழிற்சங்கங்களும் துணி வாங்கும் கம்பெனிகளும் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒப்பந்தம் செய்தன. ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட ஆலைகளிலே சோதனை நடந்தது. மாடிப்படி, கதவு, மணி எல்லாம் சோதிக்கப்பட்டன. ஆபத்தான இடத்திலே வேலை செய்ய மறுக்கும் உரிமையும் எழுத்திலே வந்தது. பிணங்கள் விழுந்த பிறகு வந்தது என்பதே வேதனை.

இன்னும் ஒன்று பாருங்கள். டிடெக்டர் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை? அலுவலக அறையிலே இருந்து, பஞ்சுக் கிடங்கிலே இல்லையென்றால், அது 1911இன் தொலைபேசிதான். பத்தாம் மாடிக்கு மட்டும் பேசும் தொலைபேசி! பலகைக்குப் பேதம் தெரியாது. முதலாளி அறையையும் மூட்டை அடுக்கிய அறையையும் ஒரே வரிசையிலே கூப்பிடும். ஒரே கவனத்தோடு கேட்கும். பேதம் தெரிந்தவன் மனிதன்தான். எந்த அறைக்கு எண் கொடுப்பது, எந்த அறையை விட்டுவிடுவது என்று முடிவு செய்பவன் அவன்.

அந்த முடிவிலே நமக்கும் குரல் வேண்டும். வேலைக்கு அழைக்க ஆலைச்சங்கு ஒரு நாளும் தவறுவதில்லையே. உயிர் காக்க அழைக்கும் மணி மட்டும் ஏன் தவறவேண்டும்?

ஒன்பதாம் மாடிக்கும் மணி வேண்டும்! அது ஒலிக்கவும் வேண்டும்! ஒலித்தால் எழுந்து செல்லும் உரிமையும் வேண்டும்!