பிள்ளைகளுக்கு ஏஐ வேண்டுமா வேண்டாமா? முதலில் 'வேகம்' என்ற சொல்லைப் பார்ப்போம்



ஊரில் இப்போது இரண்டு கட்சி. பிள்ளைகளின் கையிலிருந்து ஏஐயைப் பிடுங்குங்கள் என்பது ஒன்று. தனவந்தர்களிடம் காசு சேர்த்து ஆளுக்கொரு அக்கவுண்ட் எடுத்துக் கொடுங்கள் என்பது மற்றது. நாங்கள் இரண்டிலும் இல்லை. பாடசாலைக்கென்று ஒரு சின்ன சாட் பக்கத்தை நாமே செய்துகொள்ள வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

போன தவணை தரம் 10 விஞ்ஞான விடைத்தாள் திருத்தும்போது பல பிள்ளைகளிடம் ஒரே பிழை. 'கதி' வர வேண்டிய இடத்தில் 'வேகம்'. 'வேகம்' வர வேண்டிய இடத்தில் 'திசைவேகம்'. 'ஆர்முடுகல்' என்பதற்கு 'முடுக்கம்'. விசாரித்தால் எல்லாரும் போனில் ஏஐயிடம் கேட்டுப் படித்தவர்கள். அது பொய் சொல்லவில்லை, தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழில் சொல்லியிருக்கிறது. ஒளித்தொகுப்பை ஒளிச்சேர்க்கை என்றோ ஒட்சிசனை ஆக்சிஜன் என்றோ எழுதினால் திருத்துபவருக்கு விளங்கும். வேகம் அப்படியல்ல. அங்கே அது திசை இல்லாத கணியம், நமது புத்தகத்தில் திசை உள்ளது. ஓ.எல். பரீட்சையில் யார் இதை நின்று விசாரிக்கப் போகிறார்கள்?

காசு கட்டிய அக்கவுண்டிலும் 'இலங்கைப் பாடத்திட்டச் சொல்லில் சொல்' என்று பிள்ளைதான் எழுத வேண்டும். எந்தப் பிள்ளை எழுதும்? சொந்தப் பக்கம் என்றால் அதை நாம் ஒரு தடவை எழுதி வைத்தால் போதும். பிள்ளை பெட்டியில் கேள்வியை எழுதி பட்டனை அழுத்துகிறது. அது நமது சேர்வருக்குப் போகிறது. சேர்வர் நமது அறிவுறுத்தலை முன்னால் சேர்த்து ஏஐக்கு அனுப்பி, பதிலை வாங்கித் திரையில் காட்டுகிறது. வேலை இவ்வளவுதான்.

முதல் பக்கத்தை எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஒரே இரவில் செய்து தந்தார். எங்களுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மறுநாள் தரம் 11 பையன் ஒருவன் பக்கத்தின் மூலக்கோடைத் திறந்து, "சேர், உங்கட கீ இதில கிடக்கு" என்று காட்டினான். அந்த ஏபிஐ கீயை யார் எடுத்துப் பாவித்தாலும் பில் நமக்குத்தான் வரும். அன்றைக்கே அதை ரத்துச் செய்து, புதியதைச் சேர்வரில் மட்டும் வைத்தோம். அந்தப் பையனையும் குழுவில் சேர்த்துக்கொண்டோம்!

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏஐக்கு முன்பு பேசியது தானாக நினைவில் நிற்பதில்லை. பக்கம் ஒவ்வொரு தடவையும் பழைய உரையாடல் முழுவதையும் சேர்த்தே அனுப்புகிறது. கட்டணம் டோக்கன் கணக்கில். அதே விடயத்துக்கு ஆங்கிலத்தை விடத் தமிழ் கூடுதலான டோக்கன்களாக உடைகிறது. அதனால் ஒரு பாடம் முடிந்ததும் உரையாடலை அழிக்க 'புதிய பாடம்' என்றொரு பட்டன் வைத்திருக்கிறோம். முற்பணம் தீர்ந்தால் பக்கம் நின்றுவிடும். கடன் ஏறாது.

மார்க்கக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உலமாக்களிடம் அனுப்பு என்றும் எழுதியிருக்கிறோம். இது கூடுதல் கட்டுப்பாடு என்றார் ஒரு நண்பர். சோதனையின்போது அது கிதாபின் பெயரும் இலக்கமும் போட்டு ஒரு ஹதீஸ் தந்தது. மௌலவி தேடிப் பார்த்தார், அப்படியொன்று அங்கே இல்லை. நாங்கள் எழுதியது பூட்டு அல்ல, கெட்டிக்காரப் பிள்ளை சுற்றிப் போகும். ஆகவே பெற்றோரும் கவனிக்க வேண்டும்.

பக்கம் தயார். இல்லாதது சொற்பட்டியல். கதி, வேகம், ஆர்முடுகல், அமுக்கம் என்று நாங்கள் தொடங்கியிருக்கிறோம், ஆனால் நாலு பேரால் முடிகிற வேலையல்ல. வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கம்பியூட்டர் அறையில் இருப்போம். விஞ்ஞானம், கணிதம் படிப்பிக்கும் சேர்மார், டீச்சர்மார், ரியூசன் வகுப்பு நடத்துவோர் எல்லாரும் பாடப்புத்தகத்தோடு வாருங்கள்.