காதுக்குப் பாட்டா, கண்ணுக்குப் பலகையா?

மும்பையில் எழுத்து வேலை பார்க்கும் தமிழர்களிடையே புதிதாக ஒரு செலவு தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. வேலையில் கவனம் சிதறாமல் காப்பதாகச் சொல்லி விற்கப்படும் செல்போன் செயலிகளுக்குக் கட்டும் மாதச் சந்தாவே அது. அறை வாடகை, ரயில் பாஸ், ஊருக்கு அனுப்பும் பணம் என்று எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பத்தில், இந்தச் சந்தா தேவைதானா, தேவையென்றால் எதற்குக் கட்டுவது என்பது சின்னக் கேள்வி அல்ல.

இந்தச் செயலிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று காதுக்கானது. பிரெயின் எஃப்.எம்., என்டெல் போன்றவை சொற்களில்லாத இசையை ஓயாமல் ஒலிக்கவிட்டு, மனத்தை ஒருமுகப்படுத்துவதாகச் சொல்கின்றன. மற்றொன்று கண்ணுக்கானது. ட்ரெல்லோ போன்றவற்றில் ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டாக எழுதி, ‘செய்ய வேண்டியது’, ‘செய்துகொண்டிருப்பது’, ‘முடிந்தது’ என்ற வரிசைகளில் நகர்த்திக்கொண்டே போகலாம்.

இரண்டில் எது நல்லது என்று கேட்பதற்கு முன், கவனம் எதனால் கெடுகிறது என்று கேட்க வேண்டும். நோய் தெரியாமல் மருந்து வாங்குவாருண்டோ?

பாட்டின் பயன்

வேலை செய்யும்போது பாட்டு என்பது தமிழனுக்குப் புதிதல்ல. நாற்று நடுகையிலும் பாட்டு, ஏற்றம் இறைக்கையிலும் பாட்டு. மேல்நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 ஜூன் மாதம் பி.பி.சி. வானொலி தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கென்றே ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கி, 1967 வரை நடத்தியது. அமெரிக்காவில் மியூசாக் என்ற நிறுவனம் அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் இசையை விற்றது.

இவற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பி.பி.சி.யின் நிகழ்ச்சி ஒரு வேளைக்குச் சுமார் அரை மணி நேரம்தான். மியூசாக் கால் மணி நேரம் இசை, கால் மணி நேரம் மௌனம் என்று மாற்றி மாற்றி வழங்கியது. காலை முதல் மாலை வரை ஓயாமல் காதில் ஊதிக்கொண்டிருப்பது அவர்கள் கண்ட முறை அல்ல. மேலும் அந்த இசையால் பெரிதும் பயன் பெற்றவர்கள், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பக் கையால் செய்தவர்கள். தாராவித் தோல் பட்டறையில் தைப்பவருக்கும் பார்சல் கட்டுபவருக்கும் பாட்டு சலிப்பைப் போக்கும். அதை யாரும் மறுக்கவில்லை.

குமாஸ்தாவின் வேலை வேறு. வவுச்சரைப் பார்த்து எண்ணை மனத்தில் வாங்கிக் கணினியில் ஏற்றுகிறவருக்குச் சொற்கள் உள்ள பாட்டு எதிரி. வரிசையாகப் பார்த்த எழுத்துகளை நினைவில் வைக்கும்போது, பக்கத்தில் ஒலிக்கும் பேச்சு அந்த நினைவைக் கெடுக்கிறது என்பது 1976ஆம் ஆண்டிலேயே சோதனை செய்து காட்டப்பட்டது. அந்தப் பேச்சு கேட்பவருக்குத் தெரியாத மொழியில் இருந்தாலும் கெடுக்கிறது என்பதுதான் வியப்பு. இந்திப் பாட்டு புரியாததால் தொல்லையில்லை என்று சொல்லிக்கொள்பவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

‘மொசார்ட்டைக் கேட்டால் அறிவு வளரும்’ என்ற பேச்சும் விளம்பரங்களில் அடிபடுகிறது. 1993இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஒரு சோதனையிலிருந்து கிளம்பிய கதை இது. அந்தச் சோதனையிலேயே பலன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. பின்னால் திரும்பச் செய்து பார்த்தவர்களில் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

பலகையின் கதை

கண்ணுக்கான செயலிகளின் மூலம் ஜப்பானில் இருக்கிறது. டொயோட்டா கார் கம்பெனியில் தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ‘கான்பான்’ என்ற சீட்டு முறையை உருவாக்கினார். பாகங்களோடு ஒரு சீட்டும் போகும். சீட்டு திரும்பி வந்தால்தான் அடுத்த தொகுதி செய்யலாம். சீட்டு இல்லையேல் வேலை இல்லை. 2011இல் வெளிவந்த ட்ரெல்லோவும் அதன் தம்பிமார்களும் அந்தச் சீட்டின் பேரப்பிள்ளைகள்தாம்.

அந்த முறையின் உயிர் சீட்டின் நிறத்திலோ அழகிலோ இல்லை. ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலைக்கு ஓர் எல்லை வைப்பதில் இருக்கிறது. ரயில்வே ஊழியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிளாக் செக்‌ஷனுக்குள் ஒரு வண்டி இருக்கும்வரை பின்னால் வரும் வண்டிக்கு லைன் கிளியர் கிடையாது. மூன்று வண்டிகளை ஒன்றாக உள்ளே விட்டால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் நினைப்பதில்லை. ஆனால் மேஜைக்கு வந்தால் அதே ஊழியர் ஐந்து ஃபைல்களை ஒருங்கே விரித்து வைத்துக்கொண்டு, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று வருந்துகிறார்!

ஒரு போக்குவரத்துக் கம்பெனியில் கணக்கெழுதும் இளைஞரை எடுத்துக்கொள்வோம். 11ஆம் தேதிக்குள் ஒரு ஜி.எஸ்.டி. கணக்கு, 20ஆம் தேதிக்குள் இன்னொன்று. தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம். அது முதலாளியின் பையிலிருந்து போனாலும், பேச்சு விழுவது குமாஸ்தாவின் தலையில். இடையில் பில் கேட்டு ஒரு போன், ஊரிலிருந்து தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு போன். இவருடைய கவனத்தைக் கெடுப்பது வெளிச் சத்தமா? இல்லை. ‘எதையோ மறந்துவிட்டோமே’ என்ற உள் சத்தம். எத்தனை நல்ல இசையும் அந்தச் சத்தத்தை மூடாது. முடியாத வேலைக்கு எப்போது, எப்படிச் செய்வது என்று ஒரு திட்டம் எழுதிவிட்டாலே அது மனத்தைக் குடைவது குறைகிறது என்று 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறுகிறது. வேலை முடிய வேண்டும் என்றுகூட இல்லை. எழுதி வைத்தாலே போதும்.

பலகையிலும் குறை உண்டு

ஆயினும் பலகை எல்லாம் செய்யும் என்று சொல்வதற்கில்லை. சீட்டுகளுக்கு நிறம் தீட்டி, வரிசை மாற்றி அழகு பார்ப்பதே வேலையாகிவிட்டவர்களும் இருக்கிறார்கள். கம்பெனி கொடுக்கும் பலகையில் இன்னொரு சங்கடம்: எந்தச் சீட்டு எத்தனை நாள் நகராமல் கிடக்கிறது என்பது மேலதிகாரியின் கண்ணுக்கும் தெரியும். உதவிக்கு வந்தது காவலுக்கு நிற்கும். குடும்பக் கடனையும் வைத்தியச் செலவையும் அந்தப் பலகையில் எழுதாமல் இருப்பதே நலம்.

இசையின் பக்கமும் நியாயம் உண்டு. ஒரே அறையில் ஆறு பேர், கீழே டெம்போ ஹாரன், எதிர்வீட்டில் டி.வி. என்ற நிலையில் இலாகா பரீட்சைக்குப் படிக்கிற இளைஞருக்குப் பலகை என்ன செய்யும்? அவருக்குக் காதுதான் இடைஞ்சல். சொற்களில்லாத, ஏற்ற இறக்கமற்ற ஒலி அவருக்குத் துணை. அதற்கும் சந்தா கட்ட வேண்டியதில்லை. மழை ஓசையும் வீணையும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒலியளவை மட்டும் அடக்கி வைக்க வேண்டும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கை. லோக்கல் ரயிலின் இரைச்சலை அமுக்கப் பாட்டைக் கூட்டுகிறவர்கள், கேட்கும் அளவு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். தண்டவாளத்தின் அருகே இயர்போனை எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆக, வெளிச் சத்தம் தொல்லை என்றால் காதுக்கு மருந்து. உள்ளக் குழப்பம் தொல்லை என்றால் கண்ணுக்கு மருந்து. எழுத்து வேலை செய்வோரில் பெரும்பாலோருக்கு இரண்டாவதுதான் முதல் தேவை. ஏற்றப் பாட்டில்கூட இசை மட்டும் இருக்கவில்லை. எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கும் அதற்குள்ளேயே இருந்தது. கணக்கை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் இழுத்திருந்தால் வயல் நனைந்திருக்காது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம் காகிதத்தில் செய்து பார்ப்பது நல்லது. பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் மூன்று கட்டம் போட்டு, நடுக் கட்டத்தில் இரண்டு வேலைக்கு மேல் ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டால் போதும். செல்போனைத் திறந்தால் செயலிக்கு முன்னால் வாட்ஸ்அப் வந்து நிற்கும். சுவரில் ஒட்டிய தாளுக்கு அந்தத் தொல்லை இல்லை. மாதக் கடைசியில் ‘முடிந்தது’ கட்டம் நிறைந்திருந்தால், சந்தாப் பணம் ஊருக்குப் போகும் தொகையோடு சேரட்டும்.